மாட்டுக்கு ஞாயித்துக்கிழமை உண்டா? நியூசிலாந்துப் பால் பண்ணைகளின் நேரக் கணக்கு

இது எபிசோடின் எழுத்து வடிவம். பேசியதை வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சீர் செய்திருக்கிறோம்.

எங்க அத்தையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்க அத்தை எந்தக் கல்யாணத்துலயும் ராத்திரி தங்கினது கிடையாது. ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம். மூணு கறவை மாடு. முகூர்த்தத்துக்குக் கரெக்டா வந்துருவாங்க, முதல் பந்தியில சாப்பிடுவாங்க, மணி 1 ஆச்சுன்னா பையைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிருவாங்க. யார் இருக்கச் சொன்னாலும் ஒரே பதில்தான்: "பால் கறக்கோணுமுங்க." சின்ன வயசுல அது ஒரு சாக்குன்னு நினைச்சிருக்கேன்.

போன வருஷம் அவங்களுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. டாக்டர் சொன்னது அதுக்கும் ஒரு வருஷம் முன்னாடி. தள்ளிப் போட்டதுக்குக் காரணம் பணம் இல்ல, பயமும் இல்ல. ஆபரேஷன் முடிஞ்சா கொஞ்ச நாள் குனியக் கூடாது, கண்ணுல தூசி படக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க. அப்ப மாட்டை யார் கறக்கறது?

அந்த ஆபரேஷன் நாள் என்னோட ஆன்-கால் வாரத்துல வந்தது. ஐடியில இருக்கறவங்களுக்குத் தெரியும், ஆன்-கால்னா அந்த வாரம் சர்வர் எப்ப படுத்தாலும் போன் நமக்குத்தான் அடிக்கும். டீம் சாட்ல ஒரு மெசேஜ் போட்டேன், யாராவது மாத்திக்கிறீங்களான்னு. ரெண்டு நிமிஷத்துல ஒருத்தர் எடுத்துக்கிட்டார். ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்திருந்தப்போதான் உறைச்சுது. என் வேலைக்கு மாத்து ஆள் இருக்கு. அத்தை வேலைக்கு முப்பது வருஷமா இல்ல.

அதுக்கப்புறம் பால் பண்ணை வரலாறு படிக்க ஆரம்பிச்சேன். எனக்கு இருந்த கேள்வி சிம்பிள். பால் கறக்க மெஷின் வந்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. வேகம் பல மடங்கு கூடிருச்சு. அப்ப கறக்கறவங்களுக்கு நேரம் மிச்சமாகியிருக்கணுமே, ஆச்சா? இதைக் கேக்க நல்ல இடம் நியூசிலாந்து. இந்தக் கேள்விக்கு இருக்கற எல்லா விடையையும் அந்த ஊர்க்காரங்க ஒவ்வொண்ணா முயற்சி பண்ணிப் பாத்திருக்காங்க.

எட்டு மணி நேரத்தின் ஊர்

நியூசிலாந்துக்கு இன்னொரு பெருமையும் இருக்கு. 1840-ல சாமுவேல் பார்னெல்னு ஒரு தச்சர் லண்டன்லேர்ந்து கப்பல் ஏறி, இன்னைக்கு வெலிங்டன் இருக்கற இடத்துல வந்து இறங்கினார். கூட வந்த ஒரு வியாபாரி, தனக்கு ஒரு கடை கட்டித் தரச் சொன்னார். பார்னெல் ஒரு நிபந்தனை போட்டார்: ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை செய்வேன். மிச்சத்துல 8 மணி நேரம் தூக்கத்துக்கு, 8 மணி நேரம் எனக்கு. அங்க அப்போ தச்சர்களுக்குத் தட்டுப்பாடு, வேற வழியில்லாம அந்த வியாபாரி ஒத்துக்கிட்டார். அந்த நினைவுல இன்னைக்கும் அங்க அக்டோபர் மாசம் நாலாவது திங்கட்கிழமை தொழிலாளர் தினம், அரசு விடுமுறை.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. நியூசிலாந்துல மாடுகள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட் மாசத்துல கன்னு போடும். புல் நல்லா வளர்ற வசந்த காலத்தோட பால் சீசன் ஒத்துப் போகணும்னு அப்படித் திட்டம் போடறாங்க. பால் உச்சத்துக்குப் போறது எப்பன்னா, அக்டோபர்ல. அதாவது, 8 மணி நேர வேலையைக் கொண்டாடுற அந்த நாள்லதான் பால் பண்ணைக்காரங்களுக்கு மடி கனத்த மாடுங்க வரிசையில நிக்கும்.

ஏன் ரெண்டு வேளை?

நாள் கணக்குக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு அடிப்படை விஷயம். மாடு ஏன் ரெண்டு வேளை கறக்கணும்?

பால் மடியில நாள் முழுக்கச் சுரந்துட்டே இருக்கும். மடி நிறைய நிறைய சுரப்போட வேகம் குறையும். நம்ம பாஷையில சொன்னா, பஃபர் நிறைஞ்சா புரொடியூசர் தன் வேகத்தைக் குறைச்சுக்கற மாதிரி. மடியைக் காலி பண்ணினா மறுபடி வேகம் பிடிக்கும். அதனால அடிக்கடி கறந்தா பால் கூடுது, கறவையைக் குறைச்சா பால் குறையுது. ஒரு நாளைக்கு ரெண்டு வேளைங்கறது மாட்டோட உடம்புக்கும் மனுஷனோட தூக்கத்துக்கும் நடுவுல பல காலமா நடக்கற ஒரு சமரசம்.

இதைப் பெருக்கிப் பாருங்க. ஒரு சீசன்ல 270 நாள் கறவைன்னா, 540 தடவை தொழுவத்துக்குப் போயே ஆகணும். மழையா, காய்ச்சலா, பொண்ணு கல்யாணமா, அது மாட்டுக்குத் தெரியாது. நடுவுல பகல்ல கொஞ்ச நேரம் இருக்கு, ஆனா அதுல எங்கயும் தூரமாப் போக முடியாது. வேலை எத்தனை மணி நேரம்ங்கறது ஒரு கணக்கு. எத்தனை மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகர முடியாதுங்கறது வேற கணக்கு. இந்த ரெண்டையும் குழப்பிக்காதீங்க, கடைசியில தேவைப்படும்.

கைக்கறவையும் தூங்கி விழுந்த பிள்ளைகளும்

1882-ல 'டனிடின்'ங்கற கப்பல் குளிரூட்டுன சரக்கோட நியூசிலாந்துலேர்ந்து பிரிட்டனுக்குக் கிளம்பிச்சு. பெரும்பாலும் ஆட்டிறைச்சிதான். ஆனா அந்தக் கப்பல் திறந்த வழியில வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் போக ஆரம்பிச்சது. அதே 1882-ல ஈடன்டேல்ல ஏற்றுமதிக்கான பாலாடைக்கட்டித் தொழிற்சாலையும் வந்தது. உலகத்தோட இன்னொரு மூலையில சந்தை கிடைச்சாச்சு. தாரனாக்கி, வைகாட்டோ மாதிரி பகுதிகள்ல காட்டை அழிச்சுப் புல்வெளி ஆக்கிக் குடும்பம் குடும்பமா மாடு வளர்க்க ஆரம்பிச்சாங்க.

அப்பல்லாம் கைக்கறவைதான். கை பழகின ஒருத்தர் ஒரு மணி நேரத்துல எட்டு மாடு கறந்தா நல்ல வேகம். 30 மாடு இருந்தா, ஒரே ஆளுக்கு ஒரு வேளைக்கு நாலு மணி நேரத்துக்குக் கிட்ட ஆகும். கூலிக்கு ஆள் வச்சா லாபம் போயிரும். அதனால கறந்தது யாரு? வீட்டம்மாவும் பிள்ளைகளும். விடியறதுக்கு முன்னாடி எழுந்து கறந்துட்டு பள்ளிக்கூடம் போன பிள்ளைங்க வகுப்புல தூங்கி விழறாங்கன்னு வாத்தியாருங்க புகார் சொன்னாங்க. 20-ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல இது அங்க பெரிய விவாதமாவே இருந்தது.

இங்க ஒண்ணைக் கவனிங்க. அந்தப் பண்ணைகளோட லாபக் கணக்குல பிள்ளைங்களோட உழைப்புக்குப் பூஜ்யம்னு போட்டிருந்தாங்க. பண்ணை லாபத்துல ஓடுச்சுன்னு சொன்னா, அதுல ஒரு பகுதி அந்தப் பிள்ளைங்களோட தூக்கம்.

மெஷின் வந்தது

கறவை மெஷினோட கதை ஒரே நாள்ல நடந்தது இல்ல. 1879-ல அமெரிக்காவுல அன்னா பால்ட்வின்ங்கற பெண்மணி உறிஞ்சு பம்ப் வச்சு ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினாங்க. 1889-ல ஸ்காட்லாந்துல வில்லியம் மர்ச்லாண்ட் ஒரு வெற்றிட மெஷின் செஞ்சார். ரெண்டுலயும் ஒரே பிரச்சினை: இடைவிடாம உறிஞ்சிட்டே இருந்தா காம்புல ரத்தம் கட்டிக்கும், மாட்டுக்கு வலிக்கும். கன்னு குடிக்கறதைப் பாத்திருக்கீங்களா? உறிஞ்சும், விடும், மறுபடி உறிஞ்சும். அந்த விட்டுவிட்டு உறிஞ்சற தாளத்தை மெஷினுக்குள்ள கொண்டு வந்தது பல்சேட்டர்ங்கற பாகம். 1890-களோட நடுவுல அதுவும் ஸ்காட்லாந்துலதான் வந்தது. பிறகு, உள்ளே ரப்பர், வெளியே உலோகம்னு இரட்டைச் சுவர் வச்ச கப் வந்தது. நிமிஷத்துக்குச் சுமார் 60 தடவை காம்பை அமுக்கி விடும். இன்னைக்கு ஓடற மெஷினோட அடிப்படையும் அதேதான்.

ரெண்டு உலகப் போருக்கும் இடைப்பட்ட காலத்துல, கிராமத்துக்குக் கரண்ட் வர வர, நியூசிலாந்துல பெரும்பாலான மாடுகள் மெஷின் கறவைக்கு மாறிருச்சு. பிள்ளைங்களுக்கு விடுதலை கிடைச்சது, அது உண்மையான முன்னேற்றம். அதைக் குறைச்சுச் சொல்ல மாட்டேன்.

பெரியவங்களுக்கு? 1936-ல நியூசிலாந்து அரசு 40 மணி நேர வேலை வாரத்தைச் சட்டமாக்கிச்சு. ஃபேக்டரி, கடை, ஆபீஸ் எல்லாம் மாறிச்சு, மாட்டுத்தொழுவம் மாறல. அதே வருஷம் அதே அரசு வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் உத்தரவாத விலை கொண்டு வந்தது. திறமையா நடத்துற பண்ணையாளர் குடும்பத்தோட ஓரளவு வசதியா வாழற வருமானம் வரணும்ங்கறது அதோட நோக்கம். ஆக, நகரத்துக்காரங்களுக்கு நேரத்துக்கு வரம்பு கிடைச்சது, பண்ணைக்காரங்களுக்கு விலைக்கு உத்தரவாதம் கிடைச்சது. பால்காரரோட நேரத்துக்கு வரம்பு போட எந்தச் சட்டமும் வரல.

சாய்ச்சு நிறுத்தின மாடுகள்

அடுத்த பாய்ச்சல் ஒரு பண்ணைக்காரரே செஞ்சது. வைகாட்டோவுல கோர்டன்டன்ங்கற ஊர், வருஷம் 1952, பேரு ரான் ஷார்ப்.

அதுவரைக்கும் மெஷின் இருந்தாலும் ஒவ்வொரு மாட்டுக்கும் பக்கத்துல போய்க் குனிஞ்சு கப்பை மாட்டணும். ஷார்ப் என்ன பண்ணினார்னா, நடுவுல ஒரு பள்ளம் வெட்டி ஆள் அதுல நிக்கற மாதிரி வச்சார். மாடுகளை ரெண்டு பக்கமும் மேடையில, சாய்வா நிறுத்தினார். தியேட்டர் பார்க்கிங்ல பைக்கை எல்லாம் சாய்ச்சு நிறுத்துவாங்களே, அந்த மாதிரி. மடி கைக்கு நேரா வரும், குனிய வேண்டாம். ஒரு மாட்டுக்கும் அடுத்த மாட்டுக்கும் ரெண்டு எட்டுதான். வரிசையா ஒரே நேரத்துல வரும், ஒரே நேரத்துல போகும். மேலேர்ந்து பாத்தா மீன் முள் மாதிரி இருக்கறதால அதுக்கு ஹெரிங்போன் கொட்டகைன்னு பேர். உலகம் முழுக்க இப்ப அது இருக்கு.

1969-ல தாரனாக்கியில மெர்வ் ஹிக்ஸ்னு இன்னொரு பண்ணைக்காரர் ராட்டினம் மாதிரி சுத்தற மேடை ஒண்ணு கட்டினார். மாடு ஏறி நிக்கும், மேடை மெதுவா சுத்தும், ஒரு சுத்து முடியறதுக்குள்ள பால் கறந்து முடிஞ்சு மாடு இறங்கிரும். ஆள் ஒரே இடத்துல நின்னா போதும். கார் ஃபேக்டரி அசெம்பிளி லைன் மாதிரி, ஆனா அதுல வர்ற ஒவ்வொண்ணும் உயிருள்ளது.

முதுகு வலி குறைஞ்சது. ஒரு மாட்டுக்கு ஆகற நேரமும் பெரிய அளவுல குறைஞ்சது.

மிச்சமான நேரம் எங்க போச்சு?

இப்ப வர்ற நம்பரைக் கவனிங்க. 1970-களோட நடுவுல நியூசிலாந்துல ஒரு மந்தையில சராசரியா 112 மாடு இருந்தது. 2022-23 சீசன்ல 441. மந்தைகளோட எண்ணிக்கை 18,500-லேர்ந்து 10,600-க்குக் கிட்ட இறங்கிருச்சு.

அதாவது நேரம் மிச்சமாகல, மாடாக மாறிருச்சு. நமக்கும் இது தெரிஞ்ச கதைதான். பில்ட் 40 நிமிஷத்துலேர்ந்து 5 நிமிஷமா குறைஞ்சப்போ நாம யாரும் 35 நிமிஷம் முன்னாடி வீட்டுக்குப் போகல. அன்னைக்கு இன்னும் நாலு டிக்கெட் சேர்ந்தது, அவ்வளவுதான்.

பேராசைன்னு ஒரே வார்த்தையில முடிச்சிரலாம், ஆனா அது நியாயமில்ல. ஷேர்மில்கிங்னு அங்க ஒரு ஏற்பாடு இருக்கு. நம்ம ஊர்ல மாட்டை வாரத்துக்கு விடறது மாதிரி, ஆனா தலைகீழா. நிலமும் கொட்டகையும் ஒருத்தருது. மாடும் உழைப்பும் இன்னொருத்தருது. பால் பணத்தை ஏறக்குறைய பாதிப் பாதி பிரிச்சுக்குவாங்க. இதுக்கு 1937-லயே தனிச் சட்டம் உண்டு. சொத்தில்லாத இளைஞர் ஒருத்தர் கூலிக்குக் கறந்து, மாடு சேத்து, ஷேர்மில்கர் ஆகி, மந்தையைப் பெருக்கி வித்து, கடைசியில சொந்த நிலம் வாங்கறதுக்கு அதுதான் ஏணி. வருஷா வருஷம் ஜூன் 1-ஐ ஒட்டி ஒப்பந்தம் முடிஞ்சு, மாடு, மூட்டை முடிச்சு, பிள்ளைங்களோட அடுத்த பண்ணைக்குப் போவாங்க. அந்த ஏணியில இருக்கறவருக்கு மிச்சமான ஒரு மணி நேரம் ஓய்வு இல்ல. அது இன்னும் பத்து மாடு, அதாவது நிலத்துக்குக் கொஞ்சம் பக்கத்துல.

இன்னொரு அழுத்தம் விலை. 1984-க்கு அப்புறம் நியூசிலாந்து விவசாய மானியங்களை எல்லாம் எடுத்துட்டாங்க. பால் விலை நேரா உலகச் சந்தையோட ஆட ஆரம்பிச்சது. நாட்டோட பெரிய பால் கூட்டுறவான ஃபொன்டெரா, பால்ல இருக்கற கொழுப்பு, புரதம் ரெண்டும் சேந்த ஒரு கிலோவுக்கு 2013-14 சீசன்ல 8.40 டாலர் குடுத்தது. அடுத்த சீசன்ல 4.40. அதுக்கடுத்து 3.90. ரெண்டே வருஷத்துல பாதிக்கும் கீழ. உங்க சம்பளத்தை அப்படி நினைச்சுப் பாருங்க, இஎம்ஐ மட்டும் அப்படியே இருக்கு. விலை கூடுனா மாட்டைக் கூட்டத் தோணும். விலை இறங்குனா வேலைக்கு வச்ச ஆளை நிறுத்திட்டு அந்த வேலையையும் தானே செய்யத் தோணும். ரெண்டு பக்கமும் நேரம்தான் போகுது. அந்த விலைச் சரிவுக்கு நடுவுல, 2015-ல, விவசாயிகளோட தூக்கம், ஓய்வு, மனநிலை பத்திப் பேச 'ஃபார்ம்ஸ்ட்ராங்'னு ஒரு இயக்கம் அங்க தொடங்கினாங்க. ராத்திரி தூக்கமில்லாம பேங்க் கணக்கைப் பாத்துட்டே இருக்கற ஒருத்தருக்கு யோகா பண்ணுங்கன்னு மட்டும் சொல்லிட்டா போதுமாங்கற கேள்வி என்னை விட்டுப் போகல.

ரோபோவும் ஆன்-காலும்

அப்ப மனுஷனையே எடுத்துட்டா? 1992-ல நெதர்லாந்துல லெலி நிறுவனத்தோட அஸ்ட்ரொனாட் ரோபோ வியாபாரரீதியா பண்ணைக்கு வந்தது. மாடு தனக்குத் தோணறப்போ தானே உள்ள போகும். கழுத்துப் பட்டையை வச்சு ரோபோ மாட்டை அடையாளம் கண்டு, காம்பைத் தேடி, கப்பை மாட்டிக் கறக்கும். ஒரு ரோபோ சுமாரா 60 மாட்டைப் பாத்துக்கும்.

விடியக்காலை 5 மணிக்கு எழுந்திருக்கணும்ங்கற விலங்கு உடைஞ்சது. காலையில பிள்ளைங்களோட உக்காந்து சாப்பிட முடிஞ்சது, பலருக்கு இது பெரிய வரம். ஆனா ரோபோ 24 மணி நேரமும் ஓடும். கப் மாட்டலைன்னாலும், குழாய் அடைச்சுக்கிட்டாலும், ஒரு மாடு உள்ள நின்னுட்டு வெளிய வரலைன்னாலும் பண்ணைக்காரர் போனுக்கு அலர்ட் வரும். ராத்திரி 2 மணிக்கும் வரும். இதைப் படிச்சப்போ சிரிச்சுட்டேன். நூறு வருஷப் பயணம் முடிஞ்சு பால்காரர் வந்து சேந்த இடம் என்னோட இடம். அவருக்கும் ஆன்-கால்.

நியூசிலாந்துல ரோபோ பெரிய அளவுல பரவல. அங்க மாடு நாள் முழுக்கப் புல்வெளியில மேயும், மந்தை பெருசு, மெஷினோட விலையும் பெருசு. அதனால அங்க சிலர் வேற ஒரு கேள்வி கேட்டாங்க.

ஒரு வேளை விட்டா என்ன?

இதுவரைக்கும் எல்லாரும் கேட்டது "எப்படி வேகமாக் கறக்கலாம்?" இவங்க கேட்டது "எத்தனை தடவை கறக்கணும்?"

2000-களோட தொடக்கத்துல தாரனாக்கியில ஒரு ஆய்வுப் பண்ணையில ஒரு வேளை மட்டும் கறந்து சில சீசன் தொடர்ந்து அளந்தாங்க. ஒரு மாட்டோட பால், ஹோல்ஸ்டீன்-ஃப்ரீசியன்ல சுமார் 30 சதவீதமும் ஜெர்சியில 20 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலயும் குறைஞ்சது. சாதாரண இழப்பு இல்ல. ஆனா பாதியாகல, அதைக் கவனிங்க. வேலை பாதியாச்சு, பால் பாதியாகல. மாஸ்ஸி பல்கலைக்கழகம் தன்னோட ஒரு பண்ணையை 2013-லேர்ந்து முழுசா ஒரு வேளைக் கறவைக்கு மாத்தி நடத்திப் பாத்தது.

நடுவழியும் உண்டு. ரெண்டு நாளைக்கு மூணு தடவை கறக்கறது. இல்லேன்னா வாரத்துக்கு 14-க்குப் பதிலா 10 தடவை: மூணு நாள் ரெண்டு வேளை, மிச்ச நாலு நாள், சனி ஞாயிறு உட்பட, காலையில மட்டும். ஒரு கறவைக்கு, மாட்டை ஓட்டிட்டு வந்து கழுவி முடிக்கற வரைக்கும், இரண்டரை மணி நேரம்னு வச்சுக்கங்க. 14 தடவைக்கு 35 மணி நேரம். 10 தடவைக்கு 25. ஏழுக்கு 17.5. ஆள் புதுசா வைக்கல, மெஷின் வாங்கல, வாரத்துக்குப் பத்து மணி நேரம் கைக்கு வந்திருச்சு.

லாபம்? இதுக்கு ஒத்தை விடை இல்ல. பால் குறையும், அது நிச்சயம். மறுபக்கம் கூலி, கரண்ட், கழுவற செலவு குறையும். மாடு தினமும் தொழுவத்துக்கு நடக்கற தூரம் பாதியாகும், கால் நொண்டறது குறையும். உடம்பு தேறி நேரத்துக்குச் சினை பிடிக்கும். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 100 ரூபாய் வரவு, 75 ரூபாய் செலவு, 25 லாபம். வரவு 10 குறைஞ்சு செலவும் 10 குறைஞ்சா லாபம் அதே 25. இப்ப அந்த 75-ல 20 ரூபாய் பேங்க் வட்டின்னு வைங்க. வட்டி எந்தக் காரணத்துக்காகவும் குறையாது. குறைக்கறதுக்கு இருக்கற செலவு 55 மட்டும்தான், அதுல 10 குறைக்கறது கஷ்டம்.

எனக்கு இந்த வரலாற்றுல முக்கியமாப் பட்டது இதுதான். ஒரு வேளையை விட முடியுமாங்கறதை மாட்டோட மடி பாதிதான் முடிவு பண்ணுது. மிச்சத்தை முடிவு பண்றது கடன். கடன் அடைச்ச ஐம்பது வயசுக்காரரால நிம்மதியா ஒரு வேளைக்கு மாற முடியும். நேத்து லோன் எடுத்த முப்பது வயசுக்காரரால முடியாது, சின்னப் பிள்ளைங்களோட நேரம் அதிகமாத் தேவைப்படறது அவருக்குத்தான்னாலும்.

இன்னொரு பாதையும் இருக்கு. கறவையைக் குறைக்காம, கறக்கற ஆளை மாத்தறது. நியூசிலாந்துல ரிலீஃப் மில்கர்னு ஒரு தொழிலே உண்டு, லீவு நாளுக்கு வந்து கறந்து குடுத்துட்டுப் போவாங்க. ஃபின்லாந்து இன்னும் ஒரு படி மேல. 1970-கள்லயே மாடு வளர்க்கறவங்களுக்கு விடுமுறை உரிமையைச் சட்டமாக்கினாங்க. இன்னைக்கு முழுநேரமா மாடு வளர்க்கறவருக்கு வருஷத்துக்கு 26 நாள் லீவு, அந்த நாள்ல மாத்து ஆள் வர்றதுக்குப் பொதுப் பணத்துல ஏற்பாடு. நாட்டுக்குத் தினமும் பால் வேணும்னா, பால்காரரோட லீவும் நாட்டோட பொறுப்புன்னு அவங்க முடிவு பண்ணிருக்காங்க.

அத்தையோட கட்டுத்தரை

இதையெல்லாம் அத்தைகிட்ட போன்ல சொன்னேன். அங்க ஒருத்தர்கிட்ட சராசரியா 440 மாடுன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் கேட்டாங்க, "அத்தனைக்கும் சாணி ஆரு கண்ணு அள்ளறது?"

நல்ல கேள்வி. அங்க மாடு வெளியிலயே மேயறதால பெரும்பாலும் சாணி புல்வெளியிலயே கிடந்து உரமாயிரும். அத்தைக்கு அப்படி இல்ல. மூணு மாடு கறக்க ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம்தான். சாணி அள்ளி, கட்டுத்தரை கூட்டி, புல் அறுத்து, தண்ணி காட்டி, பருத்திக்கொட்டை ஆட்டி வச்சு, சொசைட்டிக்கு நடந்து பால் ஊத்தறதுதான் மிச்ச நாள். சொசைட்டியில காலையும் சாயங்காலமும் குறிப்பிட்ட நேரத்துக்குள்ள ஊத்தியாகணும். அவங்ககிட்ட இருக்கறதும் ஜெர்சி கலப்புதான், தமிழ்நாட்டுச் சமவெளியில அதுதான் நிறைய. ஆனாலும் ஒரு வேளையை விடுங்கன்னு நான் சொல்லல. மூணு மாட்டுல அஞ்சுல ஒரு பங்கு பால் போச்சுன்னா அது மளிகைப் பணம். கறவை முறையைத் திடீர்னு மாத்தினா மடிநோய் வர்ற ஆபத்தும் இருக்கு. அவங்களுக்கு வேணும்னு எனக்குத் தோணறது ஒரு மாத்து ஆள்.

ஆபரேஷனப்போ அது எப்படிக் கிடைச்சதுன்னா, ஒரு மாடு வத்தி நின்னிருந்தது. மிச்ச ரெண்டையும் பக்கத்து வீட்டு அக்கா மூணு வாரம் கறந்தாங்க. பால் பணம் பாதிப் பாதி. அவங்க அதுக்குப் பேரெல்லாம் வைக்கல. நான்தான் மனசுக்குள்ள ஷேர்மில்கிங்னு சொல்லிக்கிட்டேன்.

அந்த மூணு வாரமும் அத்தை என்ன பண்ணினாங்கன்னு கேட்டேன். முதல் வாரம் தூக்கமே வரலையாம், 4 மணிக்குத் தானா முழிப்பு வந்திருச்சாம். ரெண்டாவது வாரம் எங்க பாட்டி ஊருக்குப் போய் ரெண்டு ராத்திரி தங்கிருக்காங்க. கல்யாணமாகி வந்ததுக்கு அப்புறம் அங்க ராத்திரி தங்கினது அதுதான் முதல் தடவை.

வர்ற தை மாசம் எங்க வீட்ல ஒரு கல்யாணம். பக்கத்து வீட்டு அக்காகிட்ட இப்பவே பேசி வைங்க அத்தைன்னு சொல்லிருக்கேன். "பாக்கலாம் கண்ணு"ன்னு சொல்லிருக்காங்க.

உங்க வீட்லயும் இப்படிக் கல்யாணத்துலேர்ந்து பாதியில கிளம்பற ஒருத்தர் இருந்தா, அவங்களுக்கு மாத்து ஆள் யாருன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.